போவதற்குப் பத்து நிமிடம்

விடுப்பு விண்ணப்பம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'பத்து நிமிடப் பயணத்துக்கு எட்டு நாள் விடுப்பு கோருவதன் காரணம் விளங்கவில்லை.'

அதைக் கையில் வாங்கியவள் நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நகரத்தின் ஐந்து குழாய்களிலிருந்து வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, மருந்தை ஐந்து சொட்டு விட்டு, தண்ணீர் எவ்வளவு மஞ்சளாகிறது என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான்கு சொட்டு விட்டுவிட்டு ஐந்து என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. கூடத்தில் எல்லோரும் அவளைச் சொட்டு என்றே கூப்பிட்டார்கள். அதில் பாராட்டு கொஞ்சமும் கிண்டல் மிச்சமுமாக இருந்தது.

அவளுடைய அக்கா வேறொரு நாட்டில், ஒரு பெரிய நகரத்தில் இருந்தாள். ஒரு கப்பல் சமையல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலிலேயே போனவள். விமானத்தில் கால் வைத்ததில்லை. அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளை இல்லை. இப்போது இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். போனில் அக்கா அழவில்லை. கணக்காகப் பேசினாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டி. வந்து நில்லு, போதும். மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தெரிஞ்ச மூஞ்சியப் பாக்கணும். இங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒருத்தர் மூஞ்சியும் எனக்கு மனப்பாடம் ஆகல."

அந்த நகரத்துக்கு வாரத்தில் இரண்டு விமானங்கள். திங்களும் வியாழனும், காலை பத்து மணிக்கு. திங்கட்கிழமை போவதாகச் சொட்டு சொல்லியிருந்தாள்.

பச்சை மை வரியைக் காட்டி விளக்கம் கேட்டபோது மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு கனமான அட்டவணையை எடுத்தார். தூர நிர்ணய வாரியத்தின் வெளியீடு. அரசாங்க ஊழியர்கள் வெளிநாடு போவதற்கான விடுப்பு, அதிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் வைத்துத்தான் கணக்கிடப்படும். அக்காவின் நகரத்துக்கு நேரே இரண்டு வரிகள் இருந்தன. போக: 140 கிலோமீட்டர், 10 நிமிடம். வர: 8,540 கிலோமீட்டர், 10 மணி 10 நிமிடம்.

சொட்டு இரண்டு தடவை படித்தாள். போகும் தூரமும் வரும் தூரமும் எப்படி வேறாகும் என்று கேட்டாள். மேலாளர் அதைத் தான் இதுவரை யோசித்ததில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி செய்யும் தோரணையில், "அரை மணிக்குள்ள போற பயணம்னா சாப்பாட்டு இடைவேளையில சேந்துடும்மா. தனியா லீவு வேண்டியதில்ல" என்றார்.

திரும்பி வருவதற்கு? அதற்கு ஒருநாள் விடுப்பு உண்டு. ஆனால் வரும் பயணத்துக்கான விடுப்பை அந்தப் பயணம் தொடங்கும் ஊரிலுள்ள அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நமக்கு அலுவலகம் கிடையாது. ஆக, விதிப்படி அங்கே போய்விடலாம், விதிப்படி திரும்பி வர முடியாது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றார் மேலாளர். விதிப்படி போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

சொட்டு பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏனென்றால் தூர நிர்ணய வாரியத்தின் தலைமை அளவர் அவளுடைய சொந்த அண்ணன், அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவன்.

அப்பா போன பிறகு அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சும் 'அண்ணன்கிட்ட கேட்டாச்சா' என்பதோடுதான் முடியும். சொட்டு எந்தப் படிப்பு படிப்பது, அக்கா கப்பல்காரரைக் கட்டிக்கொள்வது சரியா, வாசல் கதவுக்கு எந்தப் பூட்டு என்பதுவரை அண்ணனைக் கேட்டுத்தான் நடந்தது. அவன் அவசரப்படாமல் யோசித்துச் சொல்வான். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அன்று மாலை அவள் அவன் வீட்டுக்குப் போனபோது அண்ணி கதவைத் திறந்து, "வா, வா. உங்கண்ணன் இப்பதான் வந்தாரு, கடிகாரத்துக்கெல்லாம் சாவி குடுத்துட்டு இருக்காரு" என்றாள். கூடத்தில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு புகைப்படம்: வாரியத்தின் இயக்குநர் அண்ணனுக்குப் பதக்கம் அணிவிக்கிறார், பின்னால் பெரிய கடிகாரம் ஒன்று பத்து மணி பத்து நிமிடம் காட்டுகிறது.

அந்தப் பதக்கம் எதற்கென்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் அக்காவின் நகரம் எவ்வளவு தூரம் என்று அளக்க வாரியம் அண்ணனைத்தான் அனுப்பியது. அளக்கும் முறை எளிமையானது. புறப்படும் விமான நிலையத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். இறங்கும் விமான நிலையத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு கட்டத்தில் எழுத வேண்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். கழித்து வந்த நேரத்தை விமானத்தின் வேகத்தோடு பெருக்கினால் தூரம். அளவர் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போகக்கூடாது. கைக்கடிகாரம் தனிமனிதரின் அபிப்பிராயம் என்பது வாரியத்தின் நிலைப்பாடு.

அண்ணன் பத்து மணிக்குப் புறப்பட்டான். இறங்கிய ஊரின் சுவரில் மணி பத்து பத்து.

சாப்பிடும்போது சொட்டு விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் சிரித்தான். "அவங்க ஊர்ல கடிகாரம் நம்மளவிட அஞ்சு மணி நேரம் பின்னாடின்னு எனக்குத் தெரியாதா என்ன? போறப்ப ரெண்டு வேளை சாப்பாடு போட்டாங்க. ஒரு முழுப் படம் பாத்தேன். கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. ஆனா ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா. ரெண்டே கட்டம்தான்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். சொல்லலாம் என்று நினைத்திருந்தான். அதற்குள் பதக்கம் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பதவி உயர்வு. அதன் பிறகு அதே முறையில் பதினாறு நகரங்கள். நடுவில் எங்கே நிறுத்திச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அண்ணன் விரல்களைத் துடைத்துக்கொண்டு, யோசித்து, தீர்ப்பு சொன்னான்.

"மறு அளவை மனு ஒண்ணு போடு. சாட்சின்னு இருக்கற இடத்துல என் பேரப் போடு. வாரியத்துல நேர்ல பறந்து அளந்தவன் நான் ஒருத்தன்தானே. கேட்டா சொல்லிடறேன். அக்கா விஷயம், விட முடியுமா?"

சொட்டு சரி என்று தலையாட்டினாள். எழுந்து போய்க் கை கழுவினாள்.

வாரியத்தின் கட்டடத்தில் எல்லாவற்றின் மேலும் தூரம் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் மேசையில்: 'அடுத்த மேசை: 2 மீட்டர். கோப்பு பயணம்: 3 வேலை நாட்கள்.' சொட்டு தன் மனுவைத் தானே எடுத்துப் போய் அடுத்த மேசையில் வைக்கலாமா என்று கேட்டாள். முதல் மேசைக்காரர் அதிர்ச்சியடைந்தார். அப்படிச் செய்தால் அந்த மூன்று நாட்கள் எங்கே போவது என்று கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்ன பிறகு கோப்பு அன்றைக்கே நகர்ந்தது.

காத்திருந்த கூடத்தின் இடப்பக்கம் ஒரு கண்ணாடி அறை. 'முன்கூட்டி வந்தவர்கள்' என்று பலகை. உள்ளே ஏழெட்டுப் பேர் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே ஒரு நகரத்திலிருந்து வருபவர்கள், வாரியத்தின் கணக்குப்படி, புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே இங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். இன்னும் புறப்படாத ஒருவரை வந்துவிட்டதாகப் பதிவு செய்ய விதியில் இடமில்லை. அதனால் அவர்கள் அங்கிருந்து புறப்படும்வரை இங்கே இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் கிளம்பாத முகத்தோடு இருந்தாள்.

தகவல் அதிகாரி சொட்டுவை மரியாதையாக உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரளவு வரைபடம். அதில் அக்காவின் நகரத்தை 140 கிலோமீட்டரில், பக்கத்து மாவட்டத்து ஏரியின் நடுவில் சிவப்பு ஊசியால் குத்தியிருந்தார்கள். அந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலகம் வருடா வருடம் அந்த நகரத்து மேயருக்குக் கொசு ஒழிப்பு நோட்டீஸ் அனுப்பிவருவதாகவும், ஒருமுறைகூடப் பதில் வராததால் 'ஒத்துழைப்பில்லாத பகுதி' என்று குறித்திருப்பதாகவும் அதிகாரி வருத்தத்தோடு சொன்னார்.

சொட்டு நிதானமாக விளக்கினாள். இங்கே பத்து மணி என்றால் அங்கே ஐந்து மணி. இங்கே சூரியன் உதித்து ஐந்து மணி நேரம் கழித்துத்தான் அங்கே உதிக்கிறது.

"இருக்கலாம்மா," என்றார் அதிகாரி. "அவங்க ஊர்ல சூரியன் லேட்டா எந்திரிச்சா அதுக்கு நாம எப்படி லீவு குடுக்க முடியும்?"

அவள் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். அது அவளுக்கே எதிராகப் போயிற்று. புறப்பாடு 10.00, வருகை 10.10 என்று விமானக் கம்பெனியே அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் 'பறக்கும் நேரம்' என்ற இடத்தில் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக வாரியம் ஒட்டச் சொன்ன பட்டை. அவள் நகத்தால் சுரண்டப் பார்த்தாள். அதிகாரி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், சுரண்டுவது ஆறு மாதச் சிறைக்குரிய குற்றம் என்பதால், அவளுக்கு நல்லது செய்ய நினைத்து.

விசாரணை புதன்கிழமைக்குப் போடப்பட்டது. திங்கட்கிழமை விமானம் அவள் இல்லாமல் போயிற்று. பத்து மணிச் சாம்பிளுக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது கூரைக்கு மேல் அதன் சத்தம் கேட்டது. அண்ணன் போன் செய்து, வியாழக்கிழமை விமானம் இருக்கிறதே, காலையில் போனால் மதியம் அக்கா பக்கத்தில் இருக்கலாம், தான் ஒருவன் பேசினால் போதும் என்று தைரியம் சொன்னான். அவள் டிக்கெட்டை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.

விசாரணை மண்டபத்தில் நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து உறுப்பினர்கள் இருந்தார்கள். நடுவில் இயக்குநர். அவர் தலைக்கு மேல், புகைப்படத்தில் பார்த்த அதே கடிகாரம். நடவடிக்கை தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து அதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார்கள். நிமிடம் முடிந்ததா என்று யாரும் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. யாருக்கும் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. சொட்டுவின் கைக்கடிகாரத்தை வாசலிலேயே கழற்றி ஓர் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இயக்குநர் பேசினார்.

"இந்த வாரியம் தொடங்கப்பட்டபோது எல்லா ஊர்களும் நமக்குத் தூரமாக இருந்தன. இன்றைக்குப் பதினேழு நகரங்களைப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறோம். ஒரு சாலை போடவில்லை. ஒரு விமானம் வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்தோம். கிழக்கே சில நகரங்கள் விலகிப் போய்விட்டன என்று குறை சொல்கிறார்கள். உண்மைதான். அவற்றுக்கு நம்மீது நல்லெண்ணம் இல்லை. இந்த அம்மா, உண்மையான நேரம் என்று தனியாக ஒன்று இருப்பதாக நினைக்கிறார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. அது எங்கள் துறையின் கீழ் வராது."

மனுதாரர் பேசலாம் என்றார்கள். சொட்டு எழுந்தாள். வாரியத்தின் எண்களை மட்டுமே பயன்படுத்தப்போவதாகச் சொன்னாள். போக 140, வர 8,540. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4,340 கிலோமீட்டர். நேரத்தையும் அப்படியே கூட்டி வகுத்தால் ஐந்து மணி பத்து நிமிடம். இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. அவ்வளவுதான் தன் மனு.

உறுப்பினர்கள் கிசுகிசுத்தார்கள். ஒருவர் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, போட்ட தாளைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இயக்குநர் பொறுமையாகச் சொன்னார்: "கூட்டுவதும் வகுப்பதும் புள்ளிவிவரத் துறையின் வேலையம்மா. எங்களுக்குக் கழித்தலுக்கு மட்டும்தான் அனுமதி."

சாட்சியாகத் தலைமை அளவர் அழைக்கப்பட்டார். அண்ணன் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். இன்றைக்கு ஏன் அதைக் குத்தியிருக்கிறான் என்று சொட்டு ஒரு கணம் யோசித்தாள். பிறகு அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பதக்கம் உள்ளவன் சொன்னால் எடுபடும்.

கேள்வி கேட்க அவளையே அனுமதித்தார்கள்.

"அண்ணா, நீ அந்த விமானத்துல போனே."

"போனேன்."

"எத்தனை வேளை சாப்பாடு போட்டாங்க?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு."

"பத்து நிமிஷத்துல ரெண்டு வேளையா?"

"சுறுசுறுப்பான ஆளுங்க."

மண்டபத்தில் சிலர் பெருமையாகத் தலையாட்டினார்கள். சொட்டு அவன் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அது பிடிபடவில்லை.

"படம் பாத்தேன்னு சொன்னியே?"

"சின்னப் படம்."

"அண்ணா, எவ்ளோ நேரம் பறந்தே? அதை மட்டும் சொல்லு."

அவன் அவசரப்படவில்லை. எப்போதும்போல் யோசித்தான். அந்த யோசிக்கும் முகத்தை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த முகத்திலிருந்து ஒரு தவறான பதில் வரக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"பத்து நிமிஷம்," என்றான்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். இயக்குநர் திருப்தியோடு முன்னால் சாய்ந்து, தனக்கும் ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னார். பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் அந்த அக்காவை மனுதாரர் இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை முறை போய்ப் பார்த்திருக்கிறார்?

"ஒரு தடவகூட இல்ல சார்," என்றான் அண்ணன்.

அது உண்மை. டிக்கெட்டுக்கு மிச்சம் பிடிக்கவே மூன்று வருடம் ஆகும், தூரம் அப்படி. அவன் அன்றைக்குச் சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மையாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உறுப்பினர்கள் அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஊரில் இருக்கும் கூடப் பிறந்தவளைப் பதினோரு வருடமாகப் போய்ப் பார்க்காதவள், இப்போது எட்டு நாள் விடுப்பு கேட்கிறாள். வயதான உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. மனு தள்ளுபடி. ஆனால் அளவையின் மேல் ஒரு சந்தேகம் எழுப்பப்பட்டுவிட்டதால், அந்தச் சந்தேகத்தின் தூரத்தை அளக்கும்வரை, தொண்ணூறு நாட்களுக்கு, அந்த நகரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளையில் போவதும் நிறுத்திவைக்கப்படுகிறது. அது நாளை மதியம் இரண்டு மணியிலிருந்து அமலுக்கு வரும். பறக்கும் நேரம் பத்து நிமிடம்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நிறுத்திவைப்பை மறுபரிசீலனை செய்யலாம். சொட்டு பேனாவை வாங்கவில்லை.

நடைபாதையில் அண்ணன் பின்னாலேயே வந்தான். பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தான்.

"புரிஞ்சுக்கோம்மா. ஒண்ணு தப்புன்னு சொன்னா பதினேழும் தப்பாயிடும். என்னைத் தெருவுல நிறுத்திடுவாங்க. எனக்கு சர்வீஸ் இன்னும் நாலு வருஷம்தான் இருக்கு."

"அக்காவுக்கு நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் இருக்கு," என்றாள் சொட்டு.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது ஒரு கடைநிலை ஊழியர் அவனுக்கு வணக்கம் வைத்தார். பழக்கத்தில் பதில் வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் வாசல்வரை போயிருந்தாள். உறையிலிருந்த கைக்கடிகாரத்தை வாங்கி, நின்று, கட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் சொன்னதை ஒருவேளை புரிந்துகொண்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிச் சாம்பிளை எடுத்து, ஐந்து குழல்களின் மஞ்சளையும் எழுதிவிட்டு, மேலாளரிடம் போய்க் கிளம்புவதாகச் சொன்னாள். அவர் பதிவேட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். தன்னால் முடிந்த எல்லைவரை வந்தார்.

"சாப்பாட்டுக்கு வெளிய போயிருக்கறதா எழுதிக்கறேன். ரெண்டு மணி வரைக்கும் உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு மணிக்கு மேல நீ இங்க வேலையில இல்லம்மா. அதையும் நான்தான் எழுதணும்."

"எழுதுங்க சார். சரியான நேரத்தைப் போட்டு எழுதுங்க," என்றாள்.

விமானம் பத்து மணிக்குக் கிளம்பியது. விமானி ஒலிபெருக்கியில் எல்லோரையும் வரவேற்று, தூர நிர்ணய வாரியத்தின் அட்டவணைப்படி பயண நேரம் பத்து நிமிடம் என்று அறிவித்தார். முதல் வேளை உணவு இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வழங்கப்படும் என்றும் சேர்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பொத்தான் வியாபாரி கழுத்துக்கு ஒரு தலையணை ஊதிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகும் என்று சொட்டு அவரிடம் கேட்டாள். மாதம் ஒருமுறை போய்வருபவர். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம்தாங்க. நான் கொஞ்சம் தூங்கறேன், ரெண்டாவது சாப்பாடு வந்தா எழுப்புங்க" என்றார்.

பன்னிரண்டு மணிச் சாம்பிளின் நேரம் மேகங்களுக்கு மேல் கழிந்தது. அவளுடைய விரல்கள் தாமாகவே ஐந்து முறை அமுங்கி எழுந்தன. இரண்டு மணிக்கு, முன்னால் இரண்டாவது சாப்பாட்டுத் தட்டு இருக்க, அவளுக்கு வேலை போயிற்று. கைக்கடிகாரத்தில் அதைப் பார்த்தாள். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் வியாபாரியை எழுப்பினாள்.

இறங்கியபோது அவள் மணிக்கட்டில் மூன்று பத்து. அந்த ஊர்ச் சுவரில் பத்து பத்து. அவள் சுவருக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள். பதினோரு வருடத்துக்கு முன் அண்ணனும் இங்கேதான், பிடித்துக்கொண்ட கழுத்தை நிமிர்த்தி, இதைப் பார்த்து எழுதியிருப்பான். எழுதும்போது கை நின்றதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரில் மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அக்காவுக்குப் பச்சை அங்கி மாட்டி, தள்ளுகட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். முதல் மாத்திரை கொடுத்திருந்தார்கள். முடி முழுக்க நரைத்திருந்தது. சொட்டு குனிந்தாள். அக்கா ஊசி குத்தாத கையைத் தூக்கி அவள் நெற்றி, மூக்கு, கன்னம் என்று தடவிப் பார்த்தாள். மனப்பாடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"வந்துட்டியாடி."

"வந்துட்டேன்க்கா."

 பிறகு அக்கா, "நேத்து சாயங்காலம் உங்கண்ணன் போன் பண்ணான்" என்றாள்.

என்ன சொன்னான் என்று சொட்டு கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடியும் என்றானாம். தனக்கு ஆபீஸ் வேலை என்றானாம். தங்கச்சி வந்தாலும் வருவாள், பத்து நிமிடப் பயணம்தான், மனசு இருந்தால் வரலாம் என்றானாம்.

"பத்து நிமிஷம்தானாடி?"

நர்ஸ் கட்டிலின் காலில் தொங்கிய தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். ஆம் என்றால், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பதினோரு வருடம் எட்டிப் பார்க்காதவள் ஆகிவிடுவாள். இல்லை என்றால், சரியாக மூடாத வால்வோடு படுத்திருப்பவளிடம், அவள் வளர்த்த தம்பி பொய்யன் என்று சொல்ல வேண்டும். சொட்டுவுக்கு எண்ணைக் குறைத்துச் சொல்லி வழக்கமில்லை.

"அஞ்சு மணி பத்து நிமிஷம்க்கா. நான் பாத்துக்கிட்டே வந்தேன்."

அக்கா லேசாகச் சிரித்தாள். "போடி. அளக்கறவன் அவன். அதுக்குத்தானே அவனுக்கு மெடல் குடுத்திருக்காங்க." அவள் கண்கள் கூரைக்குப் போயின. "அளக்க வந்தப்பவே சொன்னான், பக்கம்தான்னு. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றான்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் ரொம்பத் தூரத்துல இருக்கீங்க, அதான் வர முடியலன்னு நானா வச்சிருந்தேன். அது ஒரு சமாதானமா இருந்துச்சு."

சொட்டு டிக்கெட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். அதில் பத்து, பத்து பத்து என்றுதான் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. பையை மூடிவிட்டாள்.

இரண்டு ஆட்கள் வந்து கட்டிலின் பூட்டை விடுவித்தார்கள். நீளமான நடைபாதை. சொட்டு அக்காவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே வேகமாக நடந்தாள். அக்காவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

"திரும்பிப் போறதுக்கும்... அவ்ளோதானா?"

"இல்லக்கா. அதுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலன்னு எழுதியிருக்கான்."

அக்கா அதையும் நம்பினாள். அந்த எண் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது விரல்களின் இறுக்கத்தில் தெரிந்தது.

"ரொம்பத் தூரம்டி," என்றாள். "அப்போ உடனே கிளம்பிடாத."

ஆபரேஷன் அறையின் கதவு வந்துவிட்டது.